வேளைக்கு ஐம்பது ரூபாய்: சாப்பாட்டுச் சீட்டு விதிக்கு ஓர் உரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் மதிய மணி அடித்ததும் கைகள் தேடுவது டோக்கனையோ சாப்பாட்டு அட்டையையோதான். அந்தச் சீட்டால் யாருக்கு எவ்வளவு மிச்சம், மீந்ததை அடுத்தவருக்குக் கொடுக்கலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை, 2026 மார்ச் 31 வரையிலான சம்பளத்தைப் பொறுத்தவரை, 1962-ஆம் ஆண்டின் வருமான வரி விதிகளில் இருக்கிறது. 3-ஆம் விதி, 7-ஆம் உட்பிரிவின் மூன்றாம் கூறு. சட்ட ஆங்கிலத்தின் முடிச்சுகளை அவிழ்த்து, சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

மூலம்: முதலாளி ஊழியருக்கு இலவசமாகத் தரும் உணவின் மதிப்பு சம்பளத்தோடு சேரும். ஆனால், வேலை நேரத்தில் தொழிலிடத்தில் தரும் உணவும், பிறருக்கு மாற்றத்தகாத, உணவகங்களில் மட்டும் செல்லுபடியாகும் சீட்டின் வழியே தரும் உணவும், வேளைக்கு ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத அளவுக்குச் சேராது. வேலை நேரத்து டீயும் சிற்றுண்டியும் சேரா.

இனி உரை.

'இலவசமாகத் தரும் உணவின் மதிப்பு சம்பளத்தோடு சேரும்'

பொது விதி இது. கம்பெனி போடும் சோறும் கூலியின் ஒரு பகுதியே என்பது வரித்துறையின் பார்வை. ஊழியரிடம் சாப்பாட்டுக்கு ஏதாவது பிடித்தம் செய்திருந்தால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டு மீதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். பின்னால் வரும் சொற்கள் எல்லாம் இந்தப் பொது விதிக்கு விலக்குகள்.

'வேலை நேரத்தில், தொழிலிடத்தில்'

கேன்டீனைக் குறித்தது. கேன்டீன் முதலாளியின் தயவில் வந்ததல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 46-ஆம் பிரிவில், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீன் அமைக்கச் சொல்லி மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது. கும்மிடிப்பூண்டியில் டயர், வாகன உதிரிபாகம் போன்ற பெரிய ஆலைகளின் பக்கத்திலேயே சிறிய உருக்கு ஆலைகளும் உருட்டாலைகளும் நிற்கின்றன. அங்கே 250 என்ற எண் எட்டாக் கனியாகவே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தொகுப்புச் சட்டம் அந்த எண்ணை 100 ஆகக் குறைத்ததோடு, கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்கிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கான்ட்ராக்டில் வேலை செய்பவர் நிறைந்த இந்த வட்டாரத்துக்கு அந்த ஒரு சொல் பெரிது.

'உணவகங்களில் மட்டும் செல்லுபடியாகும்'

மளிகைக் கடையையும் துணிக்கடையையும் விலக்கியது. சீட்டு சோறாக மட்டுமே மாற வேண்டும், ரொக்கமாக மாறக் கூடாது என்பது கருத்து.

'பிறருக்கு மாற்றத்தகாத'

இந்த விதியின் உயிர்நிலை இதுதான். நல்ல மனசோடு ஒரு சீட்டைக் கிழித்துப் பசித்தவரிடம் கொடுத்தால் சட்டத்துக்கு என்ன நஷ்டம் என்று கேட்கத் தோன்றும். நஷ்டம் தானத்தில் இல்லை, விற்பனையில் இருக்கிறது. கை மாறும் சீட்டுக்கு விலை உண்டு. சம்பளத்தில் ஒரு பங்கைச் சீட்டுக் கட்டாகக் கொடுத்து, அதை வாங்கியவர் கொஞ்சம் தள்ளுபடியில் கடைக்காரரிடம் விற்றுக் காசாக்கினால், வரி கட்டாத இரண்டாவது சம்பளம் உருவாகிவிடும். அந்தக் கதவைத்தான் இந்தச் சொல் அடைக்கிறது.

ஆனாலும் காகிதச் சீட்டு இருந்த காலத்தில் அது கை மாறிக்கொண்டேதான் இருந்தது. 'சோடெக்சோ' நிறுவனத்தின் சீட்டுக் கட்டில் மிஞ்சிய தாள்கள் மளிகைக் கடையில் பருப்பாயின. சில தாள்கள் வாட்ச்மேன் கைக்கும் போயின. ரிசர்வ் வங்கி, காகித உணவுச் சீட்டுகளை மின்னணு வடிவுக்கு மாற்ற 2017 டிசம்பர் 31 வரை கெடு வைத்தது. சீட்டு அட்டையானது, அட்டைக்கு ரகசிய எண் வந்தது. விற்பனையோடு, முன்பின் தெரியாதவருக்கு ஒரு தாளைக் கிழித்துக் கொடுக்கும் வழக்கமும் அடைபட்டது.

அப்படியானால் பகிரவே கூடாதா? இங்கே உற்றுப் பார்க்க வேண்டியது எது மாற்றத்தகாதது என்பதை. சீட்டு மாற்றத்தகாதது, சோறு அல்ல. சீட்டுக்கு உரியவர் உணவகத்தில் அதைச் செலுத்திச் சாப்பாட்டைப் பெற்ற அளவில் சீட்டின் வேலை முடிந்தது. அந்தப் பொட்டலத்தைத் தேசிய நெடுஞ்சாலை 16-இல், ஆலை வாசலில் சரக்கு இறக்கக் காத்திருக்கும் லாரி டிரைவரோடு அவர் பாதியாகப் பங்கிட்டால், விதியில் அதைத் தடுக்கும் சொல் எதுவும் இல்லை. கேன்டீன் டோக்கன் மட்டும் வேறு வகை. உணவை வெளியே எடுத்துப்போகலாமா என்பது அந்தந்த ஆலையின் ஒழுங்கு. கேட்டுவிட்டுச் செய்வதே முறை.

முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பதற்கென்றே பிறந்த சீட்டுகளும் உண்டு. கோழிக்கோட்டில் 2015-இல் பிரசாந்த் நாயர் கலெக்டராக இருந்தபோது, மாவட்ட நிர்வாகமும் ஓட்டல் உரிமையாளர் சங்கமும் சேர்ந்து 'ஆபரேஷன் சுலைமானி' என்ற திட்டத்தைத் தொடங்கின. பசித்தவர் அரசு அலுவலகத்தில் கூப்பன் வாங்கிக்கொண்டு, திட்டத்தில் சேர்ந்த ஓட்டலுக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிட முடிந்தது. இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில், காபி குடிப்பவர் இரண்டுக்குக் காசு கொடுத்துவிட்டு ஒன்றை அடுத்து வரும் இல்லாதவருக்கு விட்டுச்செல்வது பழைய வழக்கம். இவை வரிச் சலுகையில் பிறந்தவை அல்ல. ஆகவே மாற்றத்தகாமை இவற்றைத் தீண்டாது.

'வேளைக்கு ஐம்பது ரூபாய்'

மாதம் 26 நாள், நாளுக்கு ஒரு வேளை என்றால் மாதத்துக்கு 1,300 ரூபாய், ஆண்டுக்கு 15,600 ரூபாய் வரிக்கு வெளியே நிற்கும். பழைய வரிமுறையில் 20 சதவீதப் படியில் இருப்பவருக்கு, 4 சதவீத செஸ் சேர்த்து, மிச்சம் சுமார் 3,245 ரூபாய். புதிய வரிமுறையில் இருப்பவருக்கு, இந்த விதிப்படி, சீட்டு வழியான விலக்கு கிடையாது. கேன்டீனில் நேரடியாகப் போடும் சாப்பாட்டுக்கு உண்டு.

ஆலைத் தளத்தில் நிற்கும் ஹெல்பருக்கோ இந்தக் கணக்கே வேண்டாம். 2025-26 நிதியாண்டில் புதிய முறைப்படி 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி இல்லை. வரியே இல்லாதவருக்கு வரி விலக்கால் என்ன லாபம்? அவருக்குச் சீட்டின் மதிப்பு, வெளி மெஸ்ஸில் கொடுக்க வேண்டிய முழுச் சாப்பாட்டுக் காசு. ஆக, சீட்டு அதிகாரிக்கு மிச்சப்படுத்துவது வரியை; தொழிலாளிக்கு மிச்சப்படுத்துவது கூலியை. ஒரு வேளைச் சீட்டு வீணானால் யாருக்கு அதிகம் வலிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்துக்கு நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. அன்று முதலான சம்பளத்துக்குக் கணக்குப் போடுகிறவர்கள் புதிய விதிகளில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்க.

'டீயும் சிற்றுண்டியும்'

இவற்றுக்கு ஐம்பது ரூபாய் வரம்பு இல்லை. வேலை நேரத்தில் தந்தால் போதும். இதற்கு மேல் உரை வேண்டாம்.

தொகுத்துரை

சீட்டைக் காசாக்காதே என்பதே இந்த விதியின் கட்டளை. பகிராதே என்பது அல்ல. விரதம், லீவு, வீட்டிலிருந்து வந்த டிபன் கேரியர் என்று டோக்கன் மிஞ்சும் நாட்கள் எல்லாருக்கும் உண்டு. மிஞ்சியதை எடுக்காமல் விட்டால், அந்தச் சாப்பாட்டை யாருக்குப் போடுவது என்பது நிர்வாகத்தின் முடிவு. சமைத்து மீந்ததை வெளியே கொடுக்கவும் வழி இருக்கிறது: உபரி உணவை மீட்டு விநியோகிப்பதற்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் கொண்டுவந்த விதிமுறைகள் 2020 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன.

தொழிற்சாலைகள் சட்டத்தின் அதே 46-ஆம் பிரிவு, கேன்டீன் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் வைத்தது. அடுத்த கூட்டத்தில் அவர்கள் மூன்று தீர்மானங்களைக் கொண்டுவரட்டும்: நாளைக்குச் சாப்பாடு வேண்டாதவர் முந்தின ஷிப்டிலேயே பெயர் கொடுப்பது; அப்படி விடுபட்ட சாப்பாட்டை டோக்கன் இல்லாத லோடுமேனுக்கும் லாரி கிளீனருக்கும் அதே பந்தியில் போடுவது; அதற்கான செலவை அவர்கள் கூலியில் பிடிக்காதிருப்பது. விதியில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் இதைச் செய்யலாம்.