ஓவென்ஸ் பள்ளத்தாக்கில் நீரும் உரிமையும்

கலிபோர்னியாவின் சியெரா நெவாடா மலைத்தொடருக்குக் கிழக்கே, ஓவென்ஸ் பள்ளத்தாக்கில் அமைந்துள்ள பிஷப் நகர், 1861இல் அங்கு மந்தைகளுடன் வந்த சாமுவேல் பிஷப்பின் பெயரைத் தாங்கியுள்ளது. எனினும், அப்பள்ளத்தாக்கின் நீர்ப்பாசனம் அவருடன் தொடங்கியதன்று. பாயூட் மக்கள் அதற்கு முன்னரே ஓடையை மறித்து வாய்க்கால் வெட்டி, உண்ணத்தக்க கிழங்குகள் விளையும் புற்றரைகளுக்கு நீர் பாய்ச்சினர். அப்புற்றரைகளில் குடியேறிகளின் மந்தைகள் மேய்ந்தமையால் போர் மூண்டது. 1863இல் பாயூட் மக்களுட் பெருந்தொகையினரைப் படையினர் தெஜோன் கோட்டைக்கு வெளியேற்றினர். மீண்டு வந்தோருட் பலர் பண்ணைகளிற் கூலிகளாயினர்.

பின்னர் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகர் நிலத்தையும் நீருரிமையையும் விலைக்கு வாங்கி, 1913இல் 233 மைல் நீளக் கால்வாயைத் திறந்தது. 1924இல் பள்ளத்தாக்கு மக்கள் அலபாமா மதகைக் கைப்பற்றியும் மாநகரே வென்றது. ஆயினும் நிலம் விற்ற பண்ணையாளருக்கு விலையேனும் கிடைத்தது. முதலில் வாய்க்கால் வெட்டியோரின் நீருரிமையோ, 1939இன் நிலமாற்றத்தின் போதும் தீர்க்கப்படாது விடப்பட்டது. உழைப்பு உரிமையாவது ஏட்டிற் பதியப்பட்டபோது மட்டுமே என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.