வேலியைக் கடந்த பாடல்கள்

ஆள்வோரின் இசைவு பெறாத பாடல்கள் மக்களிடையே மறைவாகப் பரவிய வரலாறு பல நாடுகளுக்கும் உரியது. சோவியத் நாட்டில், 1950களில், விலக்கப்பட்ட இசை பழைய எக்ஸ்றே படலங்களிற் பதியப்பெற்றுக் கைமாறியது. பின்னாளில் றொக் இசைக்குழுவினரின் பாடல்கள் ஒலிநாடாக்களிற் படியெடுக்கப்பட்டுப் பரவின. 1987இல் அலெக்சி உச்சித்தேல் இயக்கிய 'றொக்' என்னும் ஆவணப்படம், லெனின்கிராட் நகரப் பாடகர் சிலரைத் திரையிற் பதிவுசெய்தது.

கண்டியைச் சூழ்ந்த மலைநாட்டிலும் இதனோடு ஒப்புநோக்கத்தக்க பாடல் மரபொன்று நிலவியது. ஆயின், அங்கு விலக்கப்பட்டது பாடலன்று. பாடலைக் கேட்போரிடம் செல்லும் வழியே விலக்கப்பட்டது. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையைப் பயிரிட்டார். அதன்பின் பெருகிய தோட்டங்கள் யாவும் தனியார் உடைமைகளாயிருந்தன. துரையின் அனுமதியின்றி லயன்களுக்குள் நுழைந்த வெளியார்மீது அத்துமீறற் குற்றம் சாட்டப்படலாம். எனவே, தொழிலாளர் தம் துயரையும் கங்காணிமீது கொண்ட சினத்தையும் தமக்குள்ளேயே பாடிக்கொண்டனர். ஏட்டில் எழுதப்படாத அப்பாடல்களைத் தண்டிப்பதற்குச் சான்று கிடைத்தலும் அரிதாயிற்று.

இவ்வேலியை வெளியிலிருந்து கடந்தவர்களுள் கோ. நடேசய்யரும் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மாளும் முதன்மையானவர்கள். தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த நடேசய்யர் புடவை வியாபாரியாக வேடம் பூண்டு தோட்டங்களுட் புகுந்தார் என்பர். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தொழிற்சங்கம் அமைத்தார். கூட்டங்களில் மீனாட்சி அம்மாள் முதலிற் பாடுவார். பாட்டுக் கேட்டுத் திரண்ட மக்களிடம் பின்னர் உரை நிகழும். பாரதி பாடல்களைத் தோட்டங்களிற் பரப்பியதோடு, தாமே பாடல்கள் இயற்றிச் சிறு நூலாகவும் வெளியிட்டார். எழுதப்படிக்க அறியாதாரும் மெட்டின் துணையால் அவற்றை மனத்திற் கொண்டனர். கட்டுரையால் எட்டவியலாத செவிகளைப் பாட்டு எட்டியது.

இம்முயற்சிகள் எத்தகைய அச்சம் சூழ்ந்த காலத்தில் நிகழ்ந்தன என்பதற்கு முல்லோயாச் சம்பவம் சான்றாகும். 1940 சனவரியில், ஹேவாஹெட்டையை அடுத்த அத்தோட்டத்தில் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் எழுந்தது. பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி பலியானார். தேயிலை பிறந்த அதே மலைப்பகுதியிலேயே அக்குருதியும் சிந்தியது.

இப்பாடல்களுக்குப் பெருங்கேடு விளைத்தது தடையன்று, பிரிவேயாகும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. பாடியோர் ஒரு கரையிலும் உடன்பாடியோர் மறுகரையிலுமாகப் பிரிந்தனர். நினைவையே ஏடாகக் கொண்ட பாடலுக்கு இதனினும் பெரிய இழப்பு வேறில்லை.

இந்நிலையில், மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்தளித்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' அரிய பணியாகும். எனினும், எழுத்து பாடலின் சொல்லைக் காக்குமேயன்றிக் குரலைக் காக்காது. லெனின்கிராட் பாடகரின் குரலை நாடாவும் திரைப்படமும் காத்தன. மலைநாட்டு முதியோரின் குரலோ அவர்தம் வாழ்நாளை மட்டுமே நம்பியுள்ளது. அக்குரல் ஓயுமுன் அதனைப் பதிவுசெய்தல், தமிழ் ஆய்வுலகு அம்மக்களுக்குச் செலுத்தவேண்டிய கடனாகும்.