நியூயார்க் நகர வாகன நிறுத்தப் பலகைகள்

வாகன நிறுத்தப் பலகை என்பது சாலையோரத்தில் எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் வண்டியை நிறுத்தலாம் என்று அறிவிக்கும் பலகை ஆகும். அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இப்பலகைகள் ஒரே கம்பத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து, பலருக்கும் விளங்காத புதிராக மாறின. அவற்றைத் தவறாகப் படித்தவர் அபராதம் கட்ட நேர்ந்தது.

தொடக்கம்

1930களில் அமெரிக்க நகரங்களின் கடைத்தெருக்களில் கார்கள் நாள் முழுவதும் நின்றன. வாடிக்கையாளர்களுக்கு இடமில்லை. ஓக்லகோமா நகரப் பத்திரிகை ஆசிரியர் கார்ல் மகீ, காசு போட்டால் இயங்கும் நிறுத்தக் கட்டணமானியை முன்மொழிந்தார். பேராசிரியர் தூசன், ஜெரால்ட் ஹேல் ஆகியோர் அதை வடிவமைத்தனர். 1935 சூலை 16 அன்று உலகின் முதல் கட்டணமானி அந்நகரில் நிறுவப்பட்டது. கட்டணம் மணிக்கு 5 சென்ட். அடுத்த மாதமே சிக்கிய ஒரு போதகர், சில்லறை மாற்றக் கடைக்குப் போயிருந்ததாகச் சொல்லித் தப்பினார் என்று கூறப்படுகிறது. அபராதத்தை எதிர்க்கும் வழக்கம் கட்டணமானி அளவுக்கே பழமையானது.

நியூயார்க்கில் 1950இல் பக்கம் மாற்றி நிறுத்தும் முறை வந்தது. துப்புரவு இயந்திரம் வரும் நாளில் தெருவின் ஒரு பக்கத்தைக் காலியாக விடவேண்டும் என்பதே விதி. சில விடுமுறை நாட்களில் இவ்விதிக்கு விலக்கு உண்டு. தீபாவளியும் அவற்றுள் ஒன்று. 1951இல் ஆர்லெம் பகுதியில் நகரின் முதல் கட்டணமானிகள் அமைந்தன. துப்புரவு, சரக்கு இறக்கம், பேருந்து என்று ஒவ்வொரு தேவைக்கும் ஒரு பலகை கூடியது.

பலகையின் மொழி

குழப்பத்திற்கு முதற்காரணம், ஒன்றுபோல் ஒலிக்கும் மூன்று தடைகள்:

• 'நோ பார்க்கிங்': ஆட்களையோ பொருள்களையோ ஏற்றி இறக்கச் சற்று நிற்கலாம்.
• 'நோ ஸ்டாண்டிங்': ஆட்களை ஏற்றி இறக்க மட்டும் நிற்கலாம்.
• 'நோ ஸ்டாப்பிங்': எதற்காகவும் நிற்கக்கூடாது.

அம்புக்குறி, தடை எத்திசையில் செல்லும் என்று காட்டும். இரு பலகைகள் முரண்பட்டால் கடுமையானதே செல்லும். தெருப்பகுதி முழுவதற்கும் ஒரே ஒரு பலகை இருந்தாலும் போதும் என்கிறது நகர விதி. எனவே வண்டிக்கு அருகில் பலகை இல்லை என்ற வாதம் எடுபடாது. தீயணைப்பு நீர்க்குழாயிலிருந்து 15 அடிக்குள் நிறுத்தக்கூடாது. அதற்குப் பலகையே தேவையில்லை.

சீர்திருத்தம்

2013இல் நகரப் போக்குவரத்துத் துறை, பென்டாகிராம் வடிவமைப்பு நிறுவனத்தைக் கொண்டு வணிகப் பகுதிப் பலகைகளை எளிமையாக்கியது. ஏறத்தாழ 250 எழுத்துகள் 140 அளவுக்குக் குறைந்தன. அடுத்த ஆண்டு புருக்ளினில் வாழ்ந்த வடிவமைப்பாளர் நிக்கி சிலியன்டெங், சொற்களுக்குப் பதில் நேர அட்டவணையை வரைந்தார். பச்சைக் கட்டம் நிறுத்தலாம் என்றும், சிவப்புக் கட்டம் கூடாது என்றும் காட்டியது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 2015இல் இவ்வகைப் பலகையைச் சோதித்துப் பார்த்தது.

அபராதத்தை எதிர்த்தல்

முன்பு இவ்வழக்குகள் குற்றவியல் நீதிமன்றத்தில் குவிந்தன. 1970இல் தனிப் பணியகம் அமைக்கப்பட்டு, அவை நிர்வாக நடுவர்களிடம் சென்றன. இதனால் சாதாரணக் குடிமகன் வழக்கறிஞர் இல்லாமலே வாதாட முடிந்தது. ஆனால் சீட்டு எழுதிய அலுவலர் விசாரணைக்கு வரவேண்டியதில்லை. முறையாக எழுதப்பட்ட சீட்டே முதல்நிலைச் சான்றாகும். மறுப்பதற்கான சுமை வண்டிக்காரர்மேல் விழுகிறது.

எதிர்ப்பவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இணையவழியிலும், அஞ்சலிலும், நேரிலும் இதைச் செய்யலாம். பணத்தைக் கட்டினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே பொருள். வண்டி எண், இடம், நேரம், தடை நடப்பிலுள்ள நாட்களும் மணிகளும் ஆகியவை சீட்டில் இருக்கவேண்டும் என்பது மாநிலச் சட்டம். தேவையான விவரம் விடுபட்டிருந்தால் தள்ளுபடி கோரலாம். பலகை மறைந்தோ சிதைந்தோ இருந்தால், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெருப்பகுதி முழுவதையும் காட்டும் படங்கள் உதவும். பலகையை மட்டும் எடுத்த படம், அத்தெருவில் வேறு பலகை இல்லை என்பதை நிறுவாது. தீர்ப்பு பாதகமானால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.

விதியை அறியாமை மன்னிப்பாகாது என்பது பழைய சட்டக் கொள்கை. விதியைப் படித்தால் புரியும்படி எழுதுவது ஆள்வோர் கடமை என்பதை இப்பலகைகளின் வரலாறு அதனோடு சேர்த்துச் சொல்கிறது.