பழவேற்காட்டில் இரண்டு நாள்

நம்மிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது ஜெர்மனியில் பணிபுரிகிறார். சென்ற ஆண்டு மணமுடித்த அவர், ஒரு வார இறுதியில் துணைவியாருடன் ஆம்ஸ்டர்டாம் சென்று வந்து, அங்கெடுத்த படங்களை நமக்கு அனுப்பியிருந்தார். கால்வாய்களும் அவற்றின் கரையில் நெருங்கி நிற்கும் 17ஆம் நூற்றாண்டு வணிகர் வீடுகளும் கண்ணுக்கு நிறைவாகவே இருந்தன. உடனிருந்து பார்த்த நம் இல்லத்தார், "நாம ரெண்டு பேரும் தனியா ஒரு ஊருக்குப் போய் எத்தனை வருஷம் இருக்கும்ங்க?" என்று கேட்டார். நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தில் உடன்வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை மாணவர்களுக்குப் பலமுறை பாடமாகச் சொல்லியிருக்கிறோம். சொன்னதோடு சரி.

ஆம்ஸ்டர்டாம் செல்ல நமக்கு வசதியில்லை. ஆனால் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள் இந்தப் பக்கம் வந்து கோட்டை கட்டி வாழ்ந்த ஊர் ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது. அதுதான் பழவேற்காடு. முடிச்சூரில் வெளிவட்டச் சாலையைப் பிடித்தால் மீஞ்சூர், பொன்னேரி வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டர். (கஸ்ருத் தொழுகைக்கான தொலைவை இன்றைய கணக்கில் 80 கிலோமீட்டரை ஒட்டியே அறிஞர்கள் கூறுவர். ஆகவே இது பயணம்தான் என்று இல்லத்தாருக்கு உறுதி கூறினோம்.) மைத்துனரின் காரை இரவல் வாங்கி, சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம்.

கோட்டையைத் தேடிச் செல்வோர் ஏமாறுவர். அகழியின் தடமும் முட்புதர் மூடிய மேடும்தான் எஞ்சியிருக்கின்றன. 1602இல் தொடங்கப்பட்ட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, விஜயநகர மன்னர் வேங்கடபதி ராயரின் ஆட்சிக் காலத்தில், 1610இல் இங்கே பண்டகசாலை வைக்க இசைவு பெற்றது. போர்த்துக்கீசியர் அதைத் தாக்கி அழித்தனர். அதன்பின் 1613இல் எழுந்ததே கெல்ட்ரியா கோட்டை. தங்கள் நாட்டின் கெல்டர்லாந்து மாகாணத்தை நினைந்து வைத்த பெயர் அது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சுக்காரரின் தலைநகர் இந்தச் சிற்றூர்தான். நாணயச் சாலையும் வெடிமருந்து ஆலையும் இங்கிருந்தன. 1806இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்தனர். 1825இல் ஊரே அவர்கள் கைக்குப் போனது.

இதை மட்டும் படிப்போருக்கு, டச்சுக்காரர் வருமுன் இங்கே வெறும் மணல்தான் கிடந்தது என்று தோன்றும். அது பிழை. அவர்கள் வருவதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே, துவார்த்தே பார்போசா என்ற போர்த்துக்கீசியர் இவ்வூரைப் பெரிய துறைமுகமாகக் குறித்திருக்கிறார். முஸ்லிம்களும் இந்துக்களும் இங்கே சேர்ந்து வாழ்ந்து வணிகம் செய்ததையும், இங்கிருந்து வண்ணத் துணிகள் மலாக்கா, சுமத்ரா, பெகு வரை சென்றதையும் எழுதியிருக்கிறார். தம் முன்னோர் அரபு நாட்டிலிருந்து மரக்கலத்தில் வந்தவர்கள் என்பது இவ்வூர் முஸ்லிம்களின் வாய்வழி மரபு. டச்சுக்காரர் இங்கு வந்ததும் அந்தத் துணிக்காகவே. மொலுக்காத் தீவுகளின் கிராம்பும் பாண்டா தீவுகளின் ஜாதிக்காயும் அவர்களுக்கு வேண்டும். அத்தீவு மக்கள் அவற்றுக்கு ஈடாகக் கேட்டது சோழமண்டலத் துணியை. நம் நெசவாளர் கைவேலை இல்லாமல் அந்த வணிகம் நடந்திராது. மாணவர் அனுப்பிய படத்திலிருந்த வீடுகளில் எத்தனை, அந்த ஆதாயத்தில் எழுந்தவையோ!

தொல்லியல் துறை காக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு நிற்கின்றன. மரணத்தை நினைவூட்ட அவர்கள் கண்ட வழி அது. உருவம் செதுக்குவது நமக்கு உடன்பாடில்லை, ஆனால் நோக்கம் புரிந்தது. உள்ளே கல்லறைப் பலகைகளில் குலச் சின்னங்களும் பெயர்களும் ஆண்டுகளும் இன்னும் அழியாமல் இருக்கின்றன. இல்லத்தார் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாருக்கும் பேர் இருக்கே" என்றார்.

பெயர் இல்லாதவர்களைப் பற்றி அப்போதுதான் சொன்னோம். 1621இல் டச்சுத் தளபதி கூன், ஜாதிக்காய்க்காகப் பாண்டா தீவுகள் மீது படையெடுத்தார். அங்கு வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர், அவர்களுள் முஸ்லிம்கள் மிகுதி, கொல்லப்பட்டனர் அல்லது துரத்தப்பட்டனர். வெறுமையான தோட்டங்களுக்கும் படாவியா நகருக்கும் அடிமைகள் தேவைப்பட்டனர். அவர்களை ஏற்றிய துறைமுகங்களில் பழவேற்காடும் ஒன்று. பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் இக்கரையிலிருந்து கப்பலேறினர். பசி தாங்காமல் பிள்ளைகளை விற்ற பெற்றோரும் உண்டு, பிடித்துக் கொடுத்த உள்ளூர்த் தரகரும் உண்டு. டச்சுக்காரர் மேல் மட்டும் பழிபோட்டுவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. அந்நாளில் ஆசியக் கடல்களில் அடிமை வணிகம் பரவலாக நடந்தது. அச்சே போன்ற முஸ்லிம் அரசுகளின் துறைமுகங்களும் அதற்கு விலக்கல்ல. அடிமையை விடுவிப்பதை நற்செயலாக ஓதிக்கொண்டே வாங்கியவர்களும் நம் சமுதாயத்தில் இருந்தார்கள். மக்தபில் வரலாறு சொல்லும்போது நாம் இந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. இல்லத்தார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

பிற்பகலில் ஏரிக்கரைக்குச் சென்றோம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. தொலைவில் பூநாரைகள் வெண்கோடாகத் தெரிந்தன. இவ்வூர் முஸ்லிம் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, இரவு பொன்னேரியில் உறவினர் வீட்டில் தங்கினோம். உடுத்திக்கொள்ள அவர் ஒரு கட்டம்போட்ட கைலியை எடுத்துக் கொடுத்தார். மலேசியாவில் ஆண்கள் பள்ளிவாசலுக்கு உடுத்திச் செல்லும் இத்தகைய கைலிக்கு மலாய் மொழியில் 'காயின் பெலெக்காட்' என்று பெயர். பெலெக்காட் என்பது பழவேற்காடுதான். கோட்டை கட்டியவர்கள் போய் இருநூறு ஆண்டுகளாகின்றன. அதை நெய்தவர் பெயரும் கப்பலில் ஏற்றி விற்ற மரக்காயர் பெயரும் ஒருவருக்கும் தெரியாது. ஊரின் பெயர் மட்டும் ஜும்ஆதோறும் கடல் கடந்த ஸஃப்புகளில் இடுப்பில் கட்டப்பட்டு நிற்கிறது. இதைச் சொன்னபோது இல்லத்தார் முதன்முறையாகச் சிரித்தார். "அப்போ நீங்களும் இன்னைக்குத்தான் சரியா உடுத்திருக்கீங்க" என்றார்.

ஞாயிறு லுஹருக்குள் வீடு வந்து சேர்ந்தோம். கல்லறைத் தோட்டத்துப் படங்கள் சிலவற்றை ஜெர்மனி மாணவருக்கு அனுப்பினோம். மாலையில் அவரிடமிருந்து, "ஹஸ்ரத், பலகையில் டச்சு எழுத்து இருக்கிறதே, இது எந்த ஊர்?" என்று பதில் வந்தது.

"நீங்கள் போய்வந்த ஊரின் மறுபாதி" என்று எழுதி அனுப்பினோம்.