சிவப்பு எச்சரிக்கையும் பச்சைச் சீருடையும்

கந்தப்பளையில் மழை விடாமப் பெய்யும் இரவுகளில் நாங்கள் போனைக் கையிலேயே வைத்திருப்போம். மண்சரிவு எச்சரிக்கை எந்த நிறத்தில் வருது என்று பார்க்கத்தான். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு. சிவப்பு வந்தால் வெளியேற வேண்டும். லயத்தை விட்டு எங்க போறது? அதை நிறம் சொல்லாது. பிறகு, ஏதாவது நடந்துவிட்டால், முதலில் வருவது பெரும்பாலும் இராணுவ ட்ரக்.

இது எப்படி இப்படி ஆனது? சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அது அமைத்த தேசியப் பேரவைக்கு ஜனாதிபதி தலைவர். எதிர்க்கட்சித் தலைவருக்கும் மாகாண முதலமைச்சர்களுக்கும் அதில் இடம் உண்டு. காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் தோட்டம் அந்தக் காகிதத்துக்கு வெளியே இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவழிக்கத் தடையாக இருந்தது. நாங்கள் வாக்குப் போடலாம், சபைக்கு ஆள் அனுப்பலாம், ஆனால் அந்தச் சபை எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு கான் வெட்ட முடியாது. கான் அடைபட்டால் தண்ணீர் எங்கே இறங்கும் என்று மலையில் வளர்ந்த யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

கொஸ்லந்தை மீரியபெத்தையில் அதுதான் நடந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஆனால் 2005இலும் 2011இலும் அந்தச் சரிவு ஆபத்தானது என்று எச்சரிக்கை போனது. 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. எத்தனை பேர் என்பதில்கூட முதல் நாட்களில் சொன்ன கணக்கும் பிறகு சொன்ன கணக்கும் ஒத்துவரவில்லை. மண்ணைத் தோண்டியது இராணுவம். தப்பியவர்கள் ஏறக்குறைய இரண்டு வருஷம் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் கிடந்தார்கள். 2016இல் மாகல்தெனியவில் கையளிக்கப்பட்ட 75 வீடுகளைக் கட்டியதும் இராணுவம்தான். அந்தச் சிப்பாய்களின் உழைப்பை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. எச்சரிக்கை வந்த ஒன்பது வருஷத்தில் ஒரு சிவில் நிர்வாகமும் அந்த ஆட்களை இடம் மாற்றாததுதான் எங்கள் கேள்வி.

அடுத்த திருப்பம் 2018. அந்த வருஷம் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டு, தோட்டத்துக்குள் வேலை செய்யப் பிரதேச சபைக்கு வழி திறந்தது. அதே வருஷம் ஒக்டோபரில் மத்திய மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன்பின் தேர்தலே இல்லை. 2019 கடைசியில், கோட்டாபய ராஜபக்ச ஆட்சிக்கு வந்ததும், அனர்த்த முகாமைத்துவ நிலையம் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழே போனது. 13ஆம் திருத்தத்தின்படி பாதுகாப்பு முழுக்க மத்திக்கு ஒதுக்கிய விஷயம். ஆக, ஒரு கதவு திறந்த கையோடு மற்றக் கதவுகள் மூடிக்கொண்டன. ஆட்சிகள் மாறியும் அந்த நிலையம் அங்கேயேதான்.

இதற்கிடையில் மழை மாறுகிறது. காற்று ஒரு பாகை சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். முன்பு பல நாளில் பெய்தது ஒரே இரவில் கொட்டலாம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அதைக் காட்டியது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பாதைகள் அறுந்தன. சாப்பாடு ஹெலிகொப்டரில் வந்தது. அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது, 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ். போர்க்காலத்தில் வருஷக்கணக்கில் அவசரகால நிலையை நீடிக்கப் பயன்பட்டதும் இதே சட்டம்தான். வீட்டில் பெரியவர்களுக்கு ‘அவசரகாலம்’ என்ற சொல்லே சோதனைச் சாவடியையும் அடையாள அட்டையையும்தான் ஞாபகப்படுத்தும். இந்த முறை அதே சொல் அரிசி மூட்டையோடு வந்தது. அதை வாங்கிக்கொண்டோம், வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

ஆனால் எந்த லயத்தை முதலில் மாற்றுவது, கம்பனி குத்தகைக்கு வைத்திருக்கும் காணியில் எந்தத் துண்டை விடுவிப்பது என்பதை ஹெலிகொப்டர் முடிவுசெய்யாது. அதைப் பேச வேண்டிய மேசையில் மத்திய மாகாண முதலமைச்சரின் நாற்காலி 2018இலிருந்து காலியாகவே இருக்கிறது.