பட்டுக்கு ஏத்த முகம்: கல்யாண மேக்கப்போட கதை

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் ஒரு மெசேஜ் வந்துச்சு. “அடுத்த மாசம் அக்காவுக்குக் கல்யாணம். அரக்கு கலர்ல பட்டு எடுத்தாச்சு, ரிசப்ஷனுக்கு மயில் கழுத்து கலர். இதுக்கு மேக்கப் எப்படிப் பாக்கறதுன்னு வீட்ல தினம் சண்டை. இதுக்கெல்லாம் ஹிஸ்டரி இருக்கா?” இருக்கு. நிறையவே இருக்கு.

முதல்ல எங்க வீட்டுக் கதை. என் சித்தி நல்ல கறுப்பு. 1991-ல அவங்களுக்குக் கல்யாணம். ஆல்பத்துல அரக்குப் பட்டு அப்படியே ஜொலிக்குது. ஆனா முகம்? சாம்பல் பூசின மாதிரி ஒரு வெளுப்பு. தாடைக்குக் கீழ கழுத்து சித்தியோட கழுத்துதான், கையும் அவங்க கைதான். முகம் மட்டும் வேற யாரோ. சின்ன வயசுல அதைப் பாத்து நாங்க சிரிப்போம். சித்தி சிரிச்சதில்லை. அந்த ஆல்பத்தை அவங்களா எடுத்துப் பாத்ததும் இல்லை.

அந்த முகம் எங்கேருந்து வந்துச்சு? அதுதான் இன்னைக்கு எபிசோடு.

பவுடர், ஃபவுண்டேஷன் எல்லாம் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் கல்யாணப் பொண்ணோட முகத்துல இருந்தது மஞ்சள். நலங்கு வைக்கறது, மஞ்சள் பூசிக் குளிக்கறதுன்னு பல நாள் நடக்கும். கண்ணுக்கு விளக்குக் கரியில செஞ்ச மை, கைக்கு மருதாணி, நெத்திக்குக் குங்குமம். இதுல ஒரு அழகான கெமிஸ்ட்ரி இருக்கு. மஞ்சள்ல இருக்கற குர்குமின், சுண்ணாம்பு மாதிரி காரமான பொருள் பட்டா சிவப்பா மாறும். ஆரத்தித் தண்ணி சிவக்கறது அப்படித்தான். பழைய முறையில குங்குமம் செய்யறதும் மஞ்சளை வச்சுத்தான். அதாவது முகத்துல இருக்கற மஞ்சளும் நெத்தியில இருக்கற சிவப்பும் ஒரே கிழங்கு! சிவப்புக் கூறைப்புடவையோட அது சேராம போகுமா?

முக்கியமான விஷயம் இனிமேதான். மஞ்சள் ஒரு சாயம், அது தோலை மூடறது இல்லை. கறுப்புத் தோல்ல பூசினா அந்தக் கறுப்பு உள்ளேருந்து தெரியும், மேல ஒரு பொன் சாயல் வரும். அவ்வளவுதான். அதுக்காக அந்தக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரலை. “மஞ்சள் பூசு, கலர் வரும்”னு அப்பவும் பாட்டிங்க சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. ஆசை பழசு. ஆனா அதை ஒரே மணி நேரத்துல நிறைவேத்தற பொருள் அன்னைக்குக் கையில இல்லை.

அது டப்பாவுல வந்துச்சு. 1919-ல பம்பாய்ல பட்டான்வாலாங்கறவர் ‘ஆஃப்கான் ஸ்னோ’ன்னு ஒரு க்ரீமைக் கொண்டுவந்தார். நம்ம வீடுகள்லயும் ‘ஸ்னோ, பவுடர்’ங்கறது ஒரே மூச்சுல சொல்ற வார்த்தையாச்சு. ஸ்னோ வெள்ளை, டால்கம் பவுடரும் வெள்ளை. மஞ்சள் மாதிரி இல்லாம இது தோலுக்கு மேல உக்காந்துக்கும்.

இதே சமயத்துல கல்யாணத்துக்குள்ள இன்னொரு ஆள் நுழையறார்: போட்டோகிராஃபர். பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பே தெரியாது. சிவப்பா இருக்கறதெல்லாம் படத்துல கறுப்பா விழும். அரக்குப் புடவை கறுப்பு, குங்குமம் கறுப்பு. நம்ம தோல்லயும் சிவப்பும் மஞ்சளும் கலந்த பழுப்புதானே, அதுவும் நேர்ல இருக்கறதை விட இருட்டா விழும். அப்போ ஸ்டுடியோவுக்குப் போற பொண்ணு கொஞ்சம் கூடுதலா பவுடர் போட்டுக்கிட்டா அதுல ஒரு லாஜிக் இருக்கு. கேமராவோட குறையை முகத்துல சரி பண்ணாங்க. எல்லா நிறத்தையும் பாக்கற பான்குரோமாட்டிக் ஃபிலிம் வந்தப்புறமும் அந்தப் பழக்கம் போகலைங்கறதுதான் கதை.

இங்கேருந்து கொஞ்சம் ஹாலிவுட் போய்ட்டு வரலாம், ஏன்னா ‘கலர் டிரெஸ்ஸுக்கு ஏத்த மேக்கப்’ங்கற கேள்வியை முதல்ல சீரியஸா எடுத்துக்கிட்டது சினிமாக்காரங்கதான். 1930-கள்ல டெக்னிகலர் வந்தப்போ ஒரு விசித்திரமான பிரச்சினை. அதுவரைக்கும் நடிகர்கள் போட்டது கிரீஸ்பெயின்ட். அதுல ஒரு பளபளப்பு இருக்கும். அந்தப் பளபளப்பு பக்கத்துல இருக்கற நிறத்தை அப்படியே வாங்கிக் காட்டும். பச்சை கவுன் போட்டா முகத்துல பச்சை அடிக்கும்! மாக்ஸ் ஃபேக்டர் கம்பெனி இதுக்குன்னே ‘பேன்-கேக்’னு பளபளப்பு இல்லாத மேக்கப்பைச் செஞ்சுது. ஈரப் பஞ்சுல தொட்டுப் போடணும். 1937-ல வந்த ‘வோக்ஸ் ஆஃப் 1938’ படத்துல அதைப் பயன்படுத்தினாங்க. சீக்கிரமே கடைக்கும் வந்துச்சு.

மெட்ராஸுக்கும் வந்துச்சு. ஜெமினி ஸ்டுடியோவுல வேலை பார்த்த எழுத்தாளர் அசோகமித்திரன், அங்க பேன்கேக் எவ்வளவு செலவாச்சு, அது நல்ல முகங்களை என்ன பாடுபடுத்துச்சுன்னு தன்னோட நினைவுகள்ல செம கிண்டலா எழுதியிருக்கார். ஸ்டுடியோ விளக்குக்காகக் கண்டுபிடிச்ச பொருளைக் கல்யாண மண்டபத்துல டியூப்லைட்டுக்குக் கீழ போட்டா என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க.

1952-ல டாடா குழுமம் ‘லக்மே’வைத் தொடங்குது. பெயர் ஒரு பிரெஞ்சு ஆப்பராவுலேருந்து வந்தது. 1883-ல வந்த அந்த ஆப்பராவோட கதாநாயகி இந்தியப் பொண்ணு, நம்ம லட்சுமிதான் அங்க லக்மே ஆயிட்டா. இந்தியத் தோலுக்கு இந்தியாவுலயே மேக்கப்னு ஒரு பாதை அங்க தொடங்கினது உண்மை. 1975-ல ‘ஃபேர் அண்ட் லவ்லி’ வந்ததும் உண்மை. எது ஜெயிச்சுதுன்னு 80-கள், 90-கள் கல்யாண ஆல்பங்களைப் பாத்தா தெரியும்.

இப்போ சித்தி ஆல்பத்துக்கு வருவோம். கலர் ஃபிலிமுக்கும் ஒரு பாரபட்சம் இருந்துச்சு. லேப்ல நிறத்தைச் சரிபாக்க கோடாக் அனுப்பின மாதிரிப் படத்துக்கு ‘ஷெர்லி கார்டு’ன்னு பேர். அதுல இருந்தது வெள்ளைக்காரப் பொண்ணு. அவ தோல் சரியா வந்தா பிரின்ட் சரின்னு கணக்கு. கறுப்புத் தோலோட நுணுக்கமான சாயல்கள் அதுல தொலைஞ்சுபோச்சு. அதுக்கு மேல முகத்துக்கு நேரா ஃபிளாஷ், பக்கத்துல கண்ணு கூசற வீடியோ லைட். அதுக்கும் மேல, தோலை விட ரெண்டு மூணு ஷேடு வெளுப்பான பேன்கேக். வெள்ளை நிறமி அடியில கறுப்பை மறைக்கப் பாத்தா ரோஜா நிறம் வராது, சாம்பல்தான் வரும். பக்கத்துல அரக்குப் பட்டு வேற. அவ்வளவு சிவப்புக்குப் பக்கத்துல சாம்பல் இன்னும் சாம்பலாத் தெரியும். அன்னைக்கு மேக்கப் போட்டவங்க கெட்டவங்க இல்லை. “பட்டு டார்க்கா இருக்கு, முகம் எடுப்பாத் தெரியணும்”னு சொல்லித்தான் போட்டிருக்காங்க.

இன்னைக்கு நிலைமை மாறியிருக்கு. 2017-ல ஃபென்டி பியூட்டி 40 ஷேடு ஃபவுண்டேஷனோட வந்து மத்த கம்பெனிகளை வெக்கப்பட வச்சுது. 2020-ல ஃபேர் அண்ட் லவ்லி பேரை மாத்திக்கிச்சு. ஆனா ‘ஹெச்டி மேக்கப்’னு தனி ரேட் சொல்வாங்க இல்லையா, அதுல பழைய பேய் ஒண்ணு இன்னும் இருக்கு. சிலிக்கா அதிகமா இருக்கற பவுடர் நேர்ல கண்ணுக்கே தெரியாது, ஃபிளாஷ் அடிச்சதும் கண்ணுக்குக் கீழ வெள்ளைத் திட்டா வரும். கேமராவுக்குன்னே செஞ்ச பொருள் கேமராவுலயே மாட்டிவிடுது!

சரி, மெசேஜ் அனுப்பினவருக்கு. ஃபவுண்டேஷனைப் புடவைக்குப் பாத்து எடுக்காதீங்க. அது அக்காவோட தாடை, கழுத்து, மார்புக்கு மேல் பகுதி மூணுக்கும் பொருந்தணும், பகல் வெளிச்சத்துல. புடவைக்குப் பாக்க வேண்டியது உதடு, கண், கன்னம். அரக்குக்கு ரோஸ் லிப்ஸ்டிக்கை விடச் செங்கல் சிவப்பு, மெரூன் நல்லா சேரும், குங்குமமும் தனியா நிக்காது. மயில் கழுத்துக்குக் கண்ணுல செம்பு நிறம் போதும், புடவையோட நீலத்தையே இமையில போட வேண்டியதில்லை. ட்ரையல் அன்னைக்குப் புடவையைத் தோள்ல போட்டு உக்காரச் சொல்லுங்க, பட்டோட நிறம் தாடையில அடிக்கும். ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ, போடாம ஒரு போட்டோ எடுங்க. கழுத்தும் கையும் ஃப்ரேம்ல இருக்கணும்.

போன வருஷம் சித்தி பொண்ணுக்குக் கல்யாணம். அவளும் அம்மா நிறம்தான். ட்ரையலுக்கு நானும் போயிருந்தேன். மேக்கப் போடற பொண்ணு, “ஆன்ட்டி, ஒரு ஷேடு மட்டும் ஏத்தலாமா, ஸ்டேஜ்ல நல்லா இருக்கும்”னு கேட்டுச்சு. சித்தி பதில் சொல்லலை. பொண்ணோட கையைப் பிடிச்சு அவ கன்னத்துப் பக்கத்துல வச்சாங்க. “இந்தக் கலர் இருக்கா உன்கிட்ட?”ன்னு கேட்டாங்க. பெட்டியில ரெண்டு பாட்டிலைக் கலந்து, இருபது நிமிஷம் ஆச்சு, கொண்டுவந்துட்டாங்க.