தென் எல்லைக் கடற்கரைக் கால்பந்து

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் தெற்கே கடைசிக் கடற்கரை ஊர் பொழியூர். அதைத் தாண்டினால் நீரோடி. அது தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம். மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர் என்று மீனவ ஊர்கள் அங்கிருந்து இடைவெளியில்லாமல் தொடர்கின்றன. பாறசாலை வழியாக ரயிலில் போகிறவர்கள் கண்ணில் இந்தக் கரை படுவதில்லை. பந்தைக் காலோடு ஒட்டவைத்து ஆடத் தெரிந்தவர்களை இந்தியக் கால்பந்துக்குத் தொடர்ந்து தந்துவரும் கரை இது.

1956 நவம்பர் 1 வரை இந்த ஊர்கள் எல்லாமே திருவிதாங்கூர் வழிவந்த ஒரே நிர்வாகத்தில் இருந்தன. மொழிவழி மாநிலப் பிரிவினையில் நீரோடி முதலான ஊர்கள் அடங்கிய விளவங்கோடு உள்ளிட்ட நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. திருச்சபை மட்டும் இந்த எல்லைக் கோட்டைப் பொருட்படுத்தவில்லை. தூத்தூர் வட்டாரப் பங்குகள் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. கல்யாணம், திருவிழா, பந்து களி எல்லாம் கோட்டுக்கு இருபுறமும் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சில் இந்த மணற்பரப்புக்குக் ‘கடப்புறம்’ என்று பெயர்.

திருவனந்தபுரத்துக்குக் கால்பந்தைக் கொண்டுவந்தவர் மகாராஜா கல்லூரியில் (இன்றைய பல்கலைக்கழகக் கல்லூரி) வேதியியல் கற்பித்த பேராசிரியர் பிஷப் பாயில் என்றும், ஆண்டு 1890 என்றும் கேரள விளையாட்டு வரலாறுகள் சொல்கின்றன. அப்போது பிரிட்டனிலேயே ஆட்டம் உருமாறியிருந்தது. 1863 விதிகளின்படி, பந்துக்கு முன்னால் நிற்கும் சகாவுக்கு அதைத் தள்ளிவிடக் கூடாது. அதனால் பந்து கிடைத்தவர் தலையைக் குனிந்துகொண்டு தானே முட்டிமோதி முன்னேற வேண்டும்; டிரிபிளிங்தான் ஆட்டமே. 1866இல் அந்த விதி தளர்ந்தது. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் நடந்த முதல் சர்வதேசப் போட்டியில், உடல் கனத்தில் குறைந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் பந்தைக் காலுக்குக் கால் மாற்றி ஆடி இங்கிலாந்தை 0-0 என்று நிறுத்தினார்கள். பாஸ் ஆட்டம் பிறகு பிரிட்டன் முழுக்கப் பரவியது.

ஆனாலும் தனித்திறனுக்குப் பிரிட்டன், அயர்லாந்துத் தீவுகளில் பஞ்சமில்லை. இங்கிலாந்தின் ஸ்டான்லி மேத்யூஸ் 1956இல் முதல் பாலோன் தோர் விருதைப் பெற்றார். ஐம்பது வயதிலும் முதல்நிலை லீகில் ஆடினார். பெல்ஃபாஸ்டின் ஜார்ஜ் பெஸ்டுக்கு அதே விருது 1968இல் கிடைத்தது. டப்ளினின் லியாம் பிராடி இடது காலை மட்டுமே நம்பி யுவென்டஸுக்கு 1981, 1982 என இரண்டு இத்தாலியப் பட்டங்கள் வாங்கிக்கொடுத்தார். ஆனால் இத்தகையவர்களை இங்கிலாந்துத் தேர்வாளர்கள் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். லென் ஷாக்கிள்டனுக்கு இங்கிலாந்து அணியில் கிடைத்தது 5 ஆட்டம், மேட் லெ டிசியேவுக்கு 8. வித்தைக்காரனை ரசித்துவிட்டு உழைப்பாளியை அணியில் சேர்ப்பது அவர்கள் வழக்கம்.

பொழியூர்க் கரையில் வித்தையைத் தந்தது பயிற்சியாளர் அல்ல, மணல். உலர்ந்த மணலில் பந்து உருளாது. தரையோடு தட்டினால் இரண்டடியில் நின்றுவிடும். கால்விரலை அடியில் நுழைத்துத் தூக்கித்தான் கொடுக்க வேண்டும், வருவதையும் மார்பிலோ தொடையிலோ வாங்கி இறக்க வேண்டும். கடல் வற்றும் நேரத்தில் அலையோரம் ஒரு ஈரப்பட்டை இறுகிக் கிடக்கும். அங்கே கதை தலைகீழ்: பந்து வழுக்கி ஓடும், கரை கடலை நோக்கிச் சரிந்திருப்பதால் நேராக அடித்த பந்தும் தண்ணீர்ப் பக்கம் திரும்பும். வெறுங்காலில் இந்த இரண்டிலும் ஆடி வளர்ந்த பையனுக்குப் புல்தரை லேசாகத்தான் இருக்கும். பூட்ஸ் மாட்டியதும் கொஞ்ச நாள் தடுமாறுவது வேறு விஷயம்.

வெறுங்கால் ஆட்டத்துக்குப் பெரிய மேடைகளும் கிடைத்ததுண்டு. கல்கத்தாவின் முகமது சலீம் 1936இல் காலில் கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு கிளாஸ்கோவின் செல்டிக் சட்டையில் இறங்கினார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸிடம் 1-2 என்று தோற்ற இந்தியரில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடியவர்கள். அந்த அணியில் இடம்பெற்றிருந்தவர் திருவிதாங்கூரின் திருவல்லா பாப்பன்.

இந்தக் கரையில் ஆட்டம் வேரூன்றியதற்கு இன்னொரு காரணம் வயிற்றுப்பாடு. திருவிழா செவன்ஸ் (எழுவர்) ஆட்டத்தில் பெயரெடுத்த பையனை மாவட்ட அணி பார்க்கும்; அங்கிருந்து மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி, அதன்பின் கேரளா போலீஸ், மின்வாரியம், டைட்டானியம் ஆலை, 2017 வரை ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. கடலை மட்டும் நம்பியிருந்த வீட்டில் மாதச் சம்பளம் என்பது சின்ன விஷயமல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இந்த ஊர்களின் ஆட்களைக் கூட்டமாகக் கொண்டுபோனபோது அதன் அருமை இன்னும் கூடியது. நான்கு மாதம் கழித்து, 2018 ஏப்ரல் 1 அன்று, கொல்கத்தாவில் வங்காளத்தைப் பெனால்டியில் வென்று கேரளம் சந்தோஷ் டிராபியை எடுத்தது. அந்த அணியில் பொழியூரின் சீசன் இருந்தார். அடுத்த ஆண்டு கேரள அணிக்கு அவரே கேப்டன்.

தமிழ்நாட்டுப் பக்கம் இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் (பிறப்பு 1994), அண்ணன் மைக்கேல் ரெஜின் இருவரும் சென்னை சிட்டி அணியில் தெரியவந்தவர்கள். சூசைராஜ் இடதுகால் விங்கர். ஜாம்ஷெட்பூர் அணி வழியாகக் கொல்கத்தாவின் ஏ.டி.கே.வுக்குப் போய் 2019-20 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பட்டம் வென்றார், 2019இல் இந்தியாவுக்கும் ஆடினார். 2020 நவம்பர் 20 அன்று, அடுத்த ஐ.எஸ்.எல். தொடரின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். இந்தக் கரையின் மிக நேர்த்தியான கால் அவருடையது என்று சொல்லலாம். அந்தக் காயம் இல்லையென்றால் நாட்டுக்கே தெரிந்திருக்கும்.

பாயில் வந்த வழியில் பிறகு பிரிட்டன், அயர்லாந்து ஆட்டக்காரர்களும் வந்தார்கள். 2014இல் ஐ.எஸ்.எல். அணியான கேரளா பிளாஸ்டர்ஸைப் பயிற்சியாளராகவும் கோல்கீப்பராகவும் நடத்தியவர் இங்கிலாந்தின் டேவிட் ஜேம்ஸ். அயர்லாந்தின் ராபி கீன் 2017-18இல் ஏ.டி.கே.வுக்கு ஆடினார். புகழ் மங்கும் வயதில் வந்தவர்கள்தான். ஆனாலும் முதல் தொடுதலிலேயே பந்தைச் சாகடிக்கும் லாகவத்தைக் கடற்கரைப் பையன்கள் டி.வி.யில் நன்றாகப் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது ஆடுகளமே சுருங்குகிறது. பொழியூர், கொல்லங்கோடு கரையைக் கடல் அரித்து வீடுகளையும் சாலையையும் விழுங்கிவருகிறது. நீரோடிப் பக்கம் தமிழ்நாடு போட்ட கல்தடுப்புகளே அரிப்பைத் தங்கள் பக்கம் திருப்பிவிட்டன என்பது பொழியூர்க்காரர்களின் புகார். மணல் போன இடங்களில் இன்று பாறைக்கற்கள் குவிந்திருக்கின்றன. அவற்றின்மேல் பந்து ஆட முடியாது.